மனதுருக்கத் துறையின் நாற்காலி

எனக்குத் தேவைப்பட்டது ஓர் ஆள். நாற்காலியின் முன்கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கக்கூடிய ஓர் ஆள். படிப்பு கேட்கவில்லை, அனுபவம் கேட்கவில்லை. நடுவில் நின்று மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குக் கிடைத்ததோ ஒரு துறை.

நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். சாவி தொலைத்தவர்களின் சாபத்தையும் வாழ்த்தையும் மாறி மாறி வாங்கிக்கொண்டு, எங்கள் சபை அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கிறேன். என் மனைவி திரைச்சீலை தைக்கிறவள். அவள் தைத்த திரையில் ஓரம் கோணியது என்று ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. ஒருநாள் காலையில் அவளுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. கை கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. கால் வரவில்லை. தையல் இயந்திரத்தின் பெடலை மிதிக்கிற கால் அதுதான்.

"கால் செத்துப்போகல. தூங்குது," என்றார் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பிசியோ அம்மா. "தவறாம இங்க கூட்டிட்டு வாங்க, கம்பியைப் பிடிச்சு நடக்க விட்டு எழுப்பிடலாம். இப்ப விட்டுட்டா அது படுத்தே பழகிடும். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணு, தொடர்ந்து ரெண்டு தடவை வரலேன்னா பேரை எடுத்துடுவேன். வெளியில எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்கன்னு பாத்தீங்கல்ல."

எங்கள் கட்டடத்து லிப்ட்டில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற அட்டை தொங்குகிறது. அந்த அட்டையே பழையதாகிப் போய் ஒருமுறை புது அட்டை மாட்டினார்கள். இதுவரை நானும் மச்சானும் நாற்காலியில் வைத்து அவளை இறக்கினோம். மச்சானுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது, போய்விட்டான். எதிர்வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம். கீழ்வீட்டில் ஒரு வயதான அம்மாவும் இரண்டு பூனைகளும்தான். கூலிக்குக் கூப்பிட்டவன் ஒரு மாடி இறங்கியதும் செல்போனில் யாருடனோ சண்டை போட ஆரம்பித்து ஒரு கையை விட்டான். அதோடு அவனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

சபையில் கேட்கலாமே என்று தோன்றியது. கடைக்கு மேலேதானே இருக்கிறார்கள். போதாததற்கு அப்போதுதான் அங்கே 'சுவிசேஷ மனதுருக்கத் துறை' என்று புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். அந்த அறைக்குப் பூட்டு போட்டதே நான்தான்.

வாசலில் டைப்பிஸ்ட் உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் அவளைச் சிடுமூஞ்சி என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, டைப் அடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: "உள்ள போங்கண்ணே. முகத்தைக் கொஞ்சம் தொங்கவிட்டுட்டுப் போங்க. அப்பதான் உக்காரச் சொல்வாரு."

தொங்கவிட்டேன். துறை இயக்குநர் உட்காரச் சொன்னார். நான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நீங்க நம்ம சபைதானே?"

"ஆமாங்க ஐயா. பிறந்ததுலேர்ந்து."

அவர் கண்ணைத் திறந்தார். முகம் வாடிவிட்டது. "அங்கதான் இடிக்குது. வெளியாளுக்கு உதவினா அது மனதுருக்கம். நம்ம ஆளுக்கு உதவினா அது ஐக்கியம். ரெண்டும் வேற வேற."

"அப்ப ஐக்கியத்துல போய்க் கேக்கட்டுங்களா?"

"அந்தத் துறையைப் போன கூட்டத்துல கலைச்சுட்டோம். உள்ள இருக்கிறவங்க எப்படியும் உள்ளதானே இருக்காங்க. அவங்களுக்குச் செலவழிச்சு என்ன பிரயோஜனம், சொல்லுங்க?" என்று கேட்டுவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டவராக, "வீட்டம்மாவும் சபைதானா?" என்றார்.

"இல்லீங்க ஐயா. எங்களுக்கு ரிஜிஸ்டர் கல்யாணம். அவ கோயிலுக்கு வரமாட்டா. உங்க சாமியோட எனக்கு ஒரு சண்டையும் இல்ல, பிரசங்கம்தான் தாங்காதும்பா."

இயக்குநர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஸ்தோத்திரம். இதை முதல்லயே சொல்ல வேண்டாமா? ரொம்பக் கடினமான ஆத்துமாவா?"

"வாய் கொஞ்சம் நீளம்."

"நல்லது, நல்லது," என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஓர் ஆள் கிடைத்தால் சரி.

ஆள் வருவதற்கு முன் பயிற்சி நடந்தது. உறவினர் என்ற முறையில் என்னையும் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். சுவரில் பெரிய படம். பார்த்தல், உருகுதல், செய்தல், காத்திருத்தல் என்று நான்கு நிலைகள். மூன்றாவது புரிந்தது. நான்காவது எதற்கு என்று தெரியாமல் விழித்தேன். இயக்குநரே மேடையேறி விளக்கினார்.

"நாம ஏன் இரக்கம் காட்டுறோம்? அவங்க நம்மளைப் பாத்து, 'நீங்க ஏன் எனக்கு இதைச் செய்றீங்க?'ன்னு கேக்கணும். கேட்டாத்தான் நாம பதில் சொல்ல முடியும். கேக்காம நாமளே சொன்னா அது திணிப்பு. சொல்லாமலே செஞ்சுட்டு வந்தா அது வெறும் உதவி. வெறும் உதவியை யார் வேணும்னாலும் செய்வாங்க, அதுக்கு நாம எதுக்கு? போன வருஷம் ஒரு குடும்பத்துக்குக் கூரை மாத்திக் கொடுத்தோம். என்ன தப்பு பண்ணோம் தெரியுமா? மழைக்கு முன்னாடியே மாத்திட்டோம். அவங்க நனையவே இல்ல. நனையாதவங்க என்னத்தைக் கேப்பாங்க? இப்பல்லாம் முதல் மழை விட்டப்புறம்தான் ஏணியையே எடுக்கிறோம்."

கூட்டம் ஆமென் என்றது. பழக்கதோஷத்தில் நானும் சொல்லிவிட்டேன்.

பிறகு தேர்வு. மேசைமேல் ஒருவர் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு நோயாளியாகப் படுத்திருந்தார். ஒவ்வொருவராகப் போய் உருக வேண்டும். கண்ணீர் பிரதர் என்று ஒருவர் இருந்தார். அவர் பாதி வழியிலேயே உருக ஆரம்பித்து, மேசையை அடையும்போது சட்டைக் கழுத்து நனைந்துவிட்டது. அவரைக் குழுத்தலைவராக்கினார்கள். டைப்பிஸ்ட்டும் தேர்வுக்கு வந்திருந்தாள். நேரே போனாள், "கட்டு தளர்ந்திருக்கு," என்றாள், அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள், திரும்பி வந்துவிட்டாள். இரண்டாம் நிலை இல்லாமல் மூன்றாம் நிலைக்குத் தாவியதால் அவள் தோல்வி. ஏற்கெனவே ஒருமுறை வந்து தோற்றவளாம். முகத்தில் இரக்கத்துக்கான தசையே இல்லை என்று பயிற்சியாளர் வருத்தப்பட்டார்.

குறித்த நாளில் ஏழு பேர் வந்தார்கள். தூக்க இரண்டு பேர், பாட ஒருவர், படமெடுக்க ஒருவர், தண்ணீர் பாட்டிலுக்கு ஒருவர், பதில் சொல்ல ஒருவர், உருகுவதற்குக் கண்ணீர் பிரதர். கைப்பிடியும் இடுப்புக்கு வாரும் வைத்த மடக்கு நாற்காலி ஒன்றும் கொண்டு வந்திருந்தார்கள். புத்தம் புதுசு.

"வாடகைக்கு எடுத்திருப்பாங்க போல. பாவம், எவ்வளவு செலவோ," என்றாள் மனைவி. அவளுக்குச் சந்தோஷம். தலைவாரி, நல்ல புடவை கட்டி, ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துத் தயாராக இருந்தாள்.

நான் பின்பக்கம் பிடிக்கப் போனேன். கண்ணீர் பிரதர் தடுத்தார். "வேண்டாம்ணே. நீங்க தொட்டா அது குடும்பக் கடமை ஆயிடும். கலப்படம்."

தூக்கினார்கள். நன்றாகவே தூக்கினார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆடாமல் அசங்காமல் ஒரு மாடி இறங்கினார்கள். திருப்பத்தில் நாற்காலியை வைத்தார்கள். ஏழு பேரும் ஒரு படி கீழே இறங்கி நின்று அவள் முகத்தையே பார்த்தார்கள்.

எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்," என்றார் கண்ணீர் பிரதர் மெதுவாக, "உங்களுக்கு எங்ககிட்ட ஏதாவது கேக்கணும்னு தோணுதா?"

"ஆமா. ஏன் நின்னுட்டீங்க?"

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'ஏன்' வந்துவிட்டது, ஆனால் மற்றதெல்லாம் வரவில்லை. இதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஓரமாகப் போய்க் கலந்து பேசினார்கள். எடுத்துக்கொள்ள முடியாது என்று முடிவாயிற்று.

"வேற ஏதாவது, சிஸ்டர்?"

"கை வலிக்குதா தம்பி? வலிச்சா சொல்லுங்க, கொஞ்சம் உக்காந்துட்டுப் போகலாம்."

"வலிக்கல சிஸ்டர்."

"அப்ப போகலாமே. அந்தம்மா லேட்டானா உள்ள விடாது."

அவர்கள் போகவில்லை. நான்காம் நிலையில் இருந்தார்கள். கடிகாரம் பாட்டுக்கு ஓடியது. அவள் காதருகே குனிந்தேன். "நீங்க ஏன் எனக்கு இதைச் செய்றீங்கன்னு கேட்டுத் தொலையேன்."

"உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள் அவளும் ரகசியமாக. "ஒருத்திக்குக் கால் வரலன்னா தூக்கத்தான் செய்வாங்க. உதவி பண்ண வந்தவங்க மூஞ்சியைப் பாத்து ஏன் பண்றீங்கன்னு கேட்டா, மனசு புண்படாதா?"

ஆஸ்பத்திரி நேரம் முடிந்தது. நான்காம் நிலை முடியாமல் மேற்கொண்டு இறக்க விதியில்லை என்பதால், திரும்பவும் தூக்கி, ஆடாமல் அசங்காமல் மேலே கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தார்கள். கண்ணீர் பிரதர் வாசலில் நின்று அழுதார். அந்த அழுகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் பரிசீலனைக் கூட்டம். இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தப்பு நம்ம மேலதான். ஒரு மாடி முழுசா இறக்கியிருக்கக் கூடாது. அவங்களுக்குச் சௌகரியம் ஆயிடுச்சு. பாதியில, ரெண்டு படிக்கு நடுவுல, கொஞ்சம் சாய்ஞ்சாப்பல நிறுத்தியிருந்தா கேள்வி தானா வந்திருக்கும்."

நான் எழுந்து, அடுத்த தடவையும் தவறினால் அவள் பேரை எடுத்துவிடுவார்கள், அப்புறம் கால் அவ்வளவுதான் என்றேன்.

இயக்குநர் என்னைப் பரிவோடு பார்த்தார். "அண்ணே, நித்தியத்தை நினைச்சுப் பாருங்க. கால் எத்தனை நாளைக்கு? நாங்க காலைப் பாக்கிறவங்க இல்ல, ஆத்துமாவைப் பாக்கிறவங்க."

அவருடைய கால்கள் மேசைக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையையே கவிழ்த்திருப்பேன். ஆனால் ஆள் வேண்டுமே. வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து மனைவியின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "ஒரே ஒரு வாக்கியம். கீழ தரையில கால் வச்சதும் கேட்டுடு. அவங்க சொல்றதைச் சொல்லட்டும், நாம டாக்சில ஏறிடலாம்."

"கேக்கிறதுக்கே அசிங்கமா இருக்கு," என்றாள். "சரி, உங்களுக்காகக் கேக்கிறேன். எல்லாம் என் தலையெழுத்து."

அடுத்த முறையும் ஏழு பேர், அதே நாற்காலி. தூக்கினார்கள். முதல் திருப்பம் வந்ததுதான் தாமதம், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி அவள் கேட்டுவிட்டாள்: "நீங்க ஏன் எனக்கு இதைச் செய்றீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கீழ போய்க் கேளுன்னு சொன்னேனே."

"மறந்துடுமோன்னு பயமா இருந்துச்சுங்க."

நாற்காலியை வைத்தார்கள். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். படமெடுக்கிறவரும் கட்டிக்கொள்ளப் போனதில், அவள் கேள்வி கேட்ட முகத்தை எடுக்க முடியாமல் போய்விட்டது. இன்னொரு தடவை கேட்கச் சொன்னார்கள். கேட்டாள். பதில் தொடங்கியது. பதில் சொல்ல ஒருவர்தான் என்று நான் நம்பியிருந்தேன். ஏழு பேரிடமும் ஆளுக்கொரு பங்கு இருந்தது. நடுநடுவே பாட்டு. கண்ணீர் பிரதர் தம் குடல்புண் குணமான வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், அடிக்கடி என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியாக ஜெபம். அவளுடைய காலுக்காகவும்தான், அதை மறைக்கக் கூடாது. உருக்கமான ஜெபம்.

ஆமென் சொன்னதும் கைகுலுக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள்.

"பிரதர், ஆஸ்பத்திரி?" என்றேன்.

"நாலு நிலையும் முடிஞ்சுடுச்சேண்ணே," என்றார் கண்ணீர் பிரதர், முகமெல்லாம் சிரிப்பாக. "இனிமே தொடர் கவனிப்பு. அது வேற குழு. அடுத்த மாசம் போடுவாங்க."

ஏழு ஜோடிக் கால்கள் தடதடவென்று கீழே இறங்கிப்போன சத்தம் கேட்டது. கையில் பாரமில்லாதவர்கள் எவ்வளவு வேகமாக இறங்குகிறார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருந்தோம். மேலே போகவும் ஆளில்லை, கீழே போகவும் ஆளில்லை. அவள் வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி நேராக வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஆண்டவரிடம் கோபமாகவே பேசினேன், மனசுக்குள்தான். உம்முடைய ஆட்கள் ஏழு பேர் வந்தார்கள், எனக்கு ஒருத்தர் போதுமே என்றேன்.

அப்போது படியில் யாரோ ஏறி வந்தார்கள். டைப்பிஸ்ட். தோளில் பை, முகத்தில் வழக்கமான கடுகடுப்பு.

"நாற்காலியை எடுத்துட்டு வரச் சொன்னாங்க," என்றாள். "சாயங்காலம் வேற இடத்துக்கு வேணுமாம்."

"நான் இதுல உக்காந்திருக்கேனேம்மா," என்றாள் மனைவி.

டைப்பிஸ்ட் நாற்காலியைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். "எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்?"

"நேரம் ஆயிடுச்சு," என்றேன்.

"நாற்காலி கீழ போகணும். நீங்களும் கீழ போகணும். அப்புறம் என்ன?" என்று பையைக் கழுத்தில் குறுக்காக மாட்டிக்கொண்டாள். "அண்ணே, நீங்க பின்னாடி பிடிங்க. அக்கா, வாரைப் போட்டுக்கங்க. ஆடாதீங்க, ஆடினா மூணு பேரும் விழுவோம்."

இறங்கினோம். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். வாங்கும்போது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, படியைத்தான் பார்த்தாள். டாக்சியிலும் கூடவே ஏறினாள். நாற்காலி அவள் பொறுப்பாம்.

பிசியோ அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டிருந்தார். "பேரை எடுத்தாச்சு," என்றார். நான் கும்பிடப் போனேன். டைப்பிஸ்ட் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"லேட்டுதான். திட்டுங்க. ஆனா திட்டிக்கிட்டே ஆரம்பிச்சுடுங்க."

பிசியோ அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். என்ன தோன்றியதோ, நிஜமாகவே திட்டிக்கொண்டே ஆரம்பித்தார். மனைவி இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்றாள். வெகுநேரத்துக்குப் பிறகு குதிகால் தரையில் பதிந்தது. டைப்பிஸ்ட் சுவரோரம் நாற்காலியை மடக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கிளம்பும்போது என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள்: "அடுத்தது என்னைக்கு?"

அன்றிலிருந்து அவளே வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, இறக்கிவிட்டு, சில நாள் கூட இருந்து, சில நாள் அப்படியே திரும்பினாள். துறையின் நாற்காலியைத் துறைசாராத வேலைக்குப் பயன்படுத்தினாள் என்று அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள். மறுமுறை எங்கள் வீட்டுச் சமையலறை நாற்காலியை எடுத்துக்கொண்டோம். மனைவிக்கு அவள் வாடகை நாற்காலிக் கடைப் பெண் என்று எண்ணம். நான் திருத்தவில்லை. சபை என்று சொன்னால் அந்த ஏழு பேர் நினைவு வந்து, மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். டைப்பிஸ்ட்டும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் பேசியதெல்லாம், "காலைப் பாருங்க, கதவைப் பாக்காதீங்க," "வலிக்குதுன்னா கத்துங்க, நிக்காதீங்க" என்பதுதான்.

கால் விழித்தது. முதலில் கட்டை விரல், பிறகு கணுக்கால். போன வாரம் அவள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். ஊசி ஏறி இறங்கியது. துணி கூட வைக்கவில்லை. சும்மாவே மிதித்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இயக்குநர் கடைக்கு வந்தார். பூட்டுக்காக இல்லை. ஆண்டறிக்கை தயாராகிறதாம்.

"அண்ணே, நம்ம வீட்டம்மா எப்படி இருக்காங்க?"

"நடக்கிறாங்க ஐயா. கம்பைப் பிடிச்சுக்கிட்டு."

"அது இருக்கட்டும். ஆத்துமா எப்படி? நாங்க சொன்ன பதில்ல ஏதாவது மாற்றம்?"

"இருக்குங்க ஐயா. அவளே கோயிலுக்கு வரணும்னு கேட்டா."

இயக்குநர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியது, நடிப்பென்று சொல்ல மாட்டேன். "சொல்லுங்கண்ணே, என்ன வார்த்தையில கேட்டாங்க? அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன்.

"'அந்த நாற்காலிக் கடைப் பொண்ணு, நான் நடக்கும்போது ஓரமா நின்னு வாய்க்குள்ள ஜெபம் பண்ணுது, பாத்திருக்கீங்களா? அது எந்தக் கோயிலுக்குப் போகுதுன்னு விசாரிங்க. ஞாயித்துக்கிழமை என்னை அங்க கூட்டிட்டுப் போங்க'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது நாற்காலிக் கடைப் பொண்ணு இல்ல, நம்ம சபை டைப்பிஸ்ட்தான், அந்த ஏழு பேர் வந்தாங்களே அதே கோயில்தான்னு சொன்னேன் ஐயா."

"சரி?"

"நம்ப மாட்டேங்கிறா."